கொரங்காட்டிலும் கரிசலிலும் புல்வெளி உயிர்களைக் காக்க: விவசாயிகளும் பள்ளிகளும் சேர்ந்து செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

வெளிமான், கௌதாரி, காடை, வானம்பாடி, ஆட்காட்டி, குள்ளநரி, முயல், உடும்பு. இவை எதுவும் அடர்ந்த காட்டைத் தேடுவதில்லை. திறந்த வெளி, முழங்கால் அளவு புல், அங்கங்கே ஒரு வெள்வேல மரம், பக்கத்தில் ஒரு சோளக்காடு இருந்தால் இவற்றுக்குப் போதும். தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட நிலம் காங்கேயம், தாராபுரம், கரூர் வட்டாரக் கொரங்காடுகளில், அதாவது வேலியடைத்த மேய்ச்சல் காடுகளில், இருக்கிறது. தூத்துக்குடி, விருதுநகர் பக்கத்துக் கரிசல் காடுகளில் இருக்கிறது. ஊருக்கு ஊர் மிச்சமிருக்கும் மேய்ச்சல் புறம்போக்கிலும் இருக்கிறது. அதாவது பெரும்பாலும் யாரோ ஒரு விவசாயியின் பட்டா நிலம், இல்லையென்றால் ஊர்ப்பொது நிலம்.

அதனால் சரணாலயத்தை மட்டும் நம்பி இருக்க முடியாது. வெளிமானுக்காக 1987-ல் அறிவிக்கப்பட்ட வல்லநாடு சரணாலயத்தின் பரப்பு 16.41 சதுர கிலோமீட்டர்தான். அங்கிருந்து மேயக் கிளம்பும் மான் சுற்றியுள்ள மானாவாரிக் காட்டுக்குள்தான் வந்தாக வேண்டும். ஆனால் அரசுப் பதிவேடுகளில் இந்த நிலங்களில் பெரும்பகுதி 'தரிசு' என்றே எழுதப்பட்டிருக்கிறது. பயிர் இல்லை, மரம் இல்லை, ஆகவே ஒன்றும் இல்லை என்பது அந்தக் கணக்கு. புல்வெளிக்கு நேர்ந்த கேடுகளில் பாதி இந்த ஒரு எண்ணத்தில் இருந்துதான் வந்தது என்பது என் கருத்து.

விவசாயத்தை விட்டுவிட்டு உயிர்களைக் காக்கச் சொல்ல நான் வரவில்லை. ஆடு மாடு மேய்வதாலும் மானாவாரி விதைப்பதாலும்தான் இந்த உயிர்கள் இதுவரை பிழைத்து வந்திருக்கின்றன. எப்போது உழுவது, எப்போது வெட்டுவது, எங்கே கொஞ்சம் விட்டுவைப்பது என்பதில் சில வாரங்களும் சில முழங்களும் மாறினால் போதும். அந்த வாரம் எது, அந்த முழம் எங்கே என்று பார்த்துச் சொல்வதற்குத்தான் பள்ளி தேவைப்படுகிறது.

முதல் வேலை: ஊரைச் சுற்றி நடப்பது

எதையும் மாற்றும் முன் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடம் இருக்கும். அதைப் பார்த்து ஒரு பெரிய தாளில் மாணவர்கள் ஊரை வரையட்டும். கொரங்காடு எது, மானாவாரி எது, தோட்டம் எது, மேய்ச்சல் புறம்போக்கு எது, ஓடை எங்கே, குட்டை எங்கே, பாழுங்கிணறு எங்கே என்று நிறம் பிரித்துக் குறிக்க வேண்டும்.

அப்புறம் ஆடு மேய்ப்பவர்களோடு உட்காருங்கள். இந்த வேலையில் அவர்களைவிடப் பெரிய வல்லுநர் கிடையாது. முயல் எந்தப் புதரில் படுக்கும், நரி வளை எந்த மேட்டில் இருக்கிறது, எந்தப் பள்ளத்தில் பூனைப்பருந்துகள் ராத்தங்கும், முன்பு எந்தப் புல் இருந்தது இப்போது இல்லை என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று "தாத்தா, இந்தப் புல்லுக்கு என்ன பேரு?" என்று கேட்டால், அதிகாரி கேட்டுச் சொல்லாததையும் சொல்லிவிடுவார்கள். கேட்ட பெயரை அவர்கள் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். புல்லின் ஒரு கதிரைத் தாளுக்கு நடுவே வைத்து உலர்த்தி, பெயரோடு ஒட்டி வையுங்கள். இரண்டு மழைக்காலம் இப்படிச் சேர்த்தால் ஊரின் புல் ஏடு ஒன்று தயாராகிவிடும்.

இங்கே மரம் நடாதீர்கள்

பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றம் என்றால் முதலில் மரக்கன்றுதான் நினைவுக்கு வருகிறது. பள்ளி வளாகத்தில் நடுங்கள், சாலையோரம் நடுங்கள், வேண்டிய அளவு நடுங்கள். கொரங்காட்டிலும் மேய்ச்சல் வெளியிலும் வேண்டாம். திறந்த வெளியில் வரிசையாக மரம் எழும்பினால் காகமும் வல்லூறும் உட்கார்ந்து பார்க்க இடம் கிடைத்துவிடும். தரையில் முட்டையிடும் வானம்பாடியும் ஆட்காட்டியும் அந்த இடத்தை விட்டுப் போய்விடும். நிழல் கூடக்கூடக் கொழுக்கட்டைப்புல்லும் மெலியும். வெட்ட வெளியில் ஓடித் தப்பிக்கிற வெளிமானுக்கு மறைப்பு என்பதே ஆபத்து.

கொரங்காட்டில் ஏற்கெனவே இருக்கிற மரக்கணக்கு நம் முன்னோர் கண்டுபிடித்த அளவு: அங்கங்கே வெள்வேல், சுற்றிலும் கிளுவை வேலி, நடுவில் புல். அதுவே போதும். நட ஆசை இருந்தால் புல் நடுங்கள், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இதற்கு நேர் எதிராகக் களைய வேண்டியது ஒன்று உண்டு: சீமைக்கருவேலம். மாடும் ஆடும் அதன் காய்ந்த நெற்றை விரும்பித் தின்னும். விதை செரிக்காமல் சாணத்தோடும் புழுக்கையோடும் வந்து, எரு போட்ட விதையாக முளைக்கும். நெற்றுத் தின்ற மந்தையை நேராகக் கொரங்காட்டுக்குள் ஓட்டாமல் இரண்டு மூன்று நாள் பட்டியிலேயே வைத்துத் தீனி போடுங்கள். மழை பெய்த மறுநாள், மண் இளகி இருக்கும்போது, முழங்கால் உயரத்துக்கு மேல் வளராத கன்றுகளை வேரோடு பிடுங்குவது எளிது. முள் இருப்பதால் இது பெரியவர்கள் வேலை. ஆனால் வெள்வேல், உடைமரம், சீமைக்கருவேலம் மூன்றையும் இலையும் முள்ளும் காயும் பார்த்துப் பிரிக்கப் பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ஆர்வக் கோளாறில் நல்ல வெள்வேலையும் பிடுங்கிவிடுவார்கள்.

ஊருக்கென்று ஒரு நாட்காட்டி

என்னைக் கேட்டால் இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வோம் என்கிற ஊர் இதைச் செய்யட்டும். ஒரு நீளத் தாளில் பன்னிரண்டு தமிழ் மாதங்களை எழுதுங்கள். மேல் வரியில் விவசாய வேலைகள், கீழ் வரியில் உயிர்களின் வேலைகள். இரண்டும் எங்கே மோதுகின்றன என்பது உடனே கண்ணில் படும்.

ஆட்காட்டி பங்குனியில் இருந்து ஆவணி வரை தரையில் முட்டையிடும். கூடு என்று எதுவும் கட்டாது. நாலு கல்லை ஒதுக்கி நடுவே பெரும்பாலும் நான்கு முட்டை, அவ்வளவுதான். குஞ்சு பொரிக்க நான்கு வாரம் ஆகும். பொரித்த குஞ்சு அன்றே எழுந்து ஓடிவிடும். வானம்பாடி வகைகளுக்கு அடைகாக்க ஏறத்தாழ இரண்டு வாரம், குஞ்சு கூட்டை விட்டு இறங்க இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள். கௌதாரியும் பெரும்பாலும் சித்திரை முதல் புரட்டாசி வரைக்குள் குஞ்சு பொரிக்கும். பூனைப்பருந்துகள் மத்திய ஆசியப் புல்வெளிகளில் இருந்து புரட்டாசி, ஐப்பசி வாக்கில் வந்து பங்குனி வரை இருக்கும். பகலெல்லாம் வெட்டுக்கிளியும் எலியும் பிடித்துத் தின்றுவிட்டு, மாலையில் கூட்டமாக ஒரு புல்வெளியில் தரையிலேயே தங்கும்.

இப்போது மேல் வரியைப் பாருங்கள். கோடை மழை கிடைத்ததும் சித்திரையில் கோடை உழவு. ஆடிப்பட்டத்துக்கு முன் இன்னொரு உழவு. இரண்டும் ஆட்காட்டி அடைகாக்கும் காலத்திலேயே விழுகின்றன. கரிசலில் தை, மாசியில் அறுவடை முடிந்ததும் மிச்சத்தைக் கொளுத்துகிற வழக்கம் சில இடங்களில் உண்டு. பூனைப்பருந்து தங்கும் புல்வெளி பக்கத்தில் இருந்தால் அந்தத் தீ அங்கேயும் தாவும்.

மோதும் இடங்களைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். பெரும்பாலான ஊர்களில் நான்கைந்து வட்டத்துக்கு மேல் வராது. அந்த நான்கைந்தைப் பற்றி மட்டும் பேசினால் போதும். ஆண்டு முழுவதும் கட்டுப்பாடு என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை.

உழவும் அறுவடையும்

கோடை உழவு மண்ணுக்கு நல்லது. புழுக்கூட்டையும் களையையும் வெயிலுக்குக் காட்டும். அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். டிராக்டர் இறங்கும் முன் ஒரு முறை காட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். ஆட்காட்டி தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தினால் பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது. தூரமாக ஒதுங்கி அசையாமல் நின்றால் கால் மணி நேரத்தில் அதுவே போய் முட்டை மேல் உட்காரும். அந்த இடத்தைக் கண்ணில் குறித்துக்கொண்டு, கூட்டின் மேல் எதையும் நடாமல், உழவு சால் போகும் திசையில் கூட்டுக்கு முன்னே ஐந்தாறு அடியில் ஒரு குச்சி, பின்னே அதே தூரத்தில் ஒரு குச்சி நடுங்கள். டிராக்டர் ஓட்டுபவருக்கு அது போதும். பத்தடிக்குப் பத்தடி விட்டுவிட்டு மிச்சத்தை உழலாம். கூட்டை ஒட்டிக் கொடி கட்டினால் காகமும் நாயும் கொடியைப் பார்த்தே வந்துவிடும். விட்ட இடத்தை நான்கு வாரம் கழித்து உழுதுகொள்ளலாம்.

அறுவடையில் திசை முக்கியம். கதிர் அறுக்கும் இயந்திரம் வயலைச் சுற்றி வெளிப்புறத்தில் இருந்து உள்ளே உள்ளே வந்தால், முயலும் காடையும் கௌதாரிக் குஞ்சும் நடுவில் மிஞ்சிய கடைசித் துண்டில் சிக்கிக்கொள்ளும். நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக அறுத்து வந்தால் அவை வரப்புக்கு ஓடிவிடும். ஐரோப்பாவில் வைக்கோல் புல்வெளிகளில் கூடு கட்டும் பறவைகளைக் காக்க இந்த முறையைத்தான் விவசாயிகள் கையாள்கிறார்கள். சோளத்தட்டு வெட்டினாலும் மக்காச்சோளம் அறுத்தாலும் இதுவே பொருந்தும். செலவு ஏதும் இல்லை, ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ராத்திரியில் அறுக்க வேண்டாம். விளக்கு வெளிச்சத்தில் முயல் ஓடாமல் உறைந்து நின்றுவிடும்.

இங்கிலாந்தில் கோதுமை விதைக்கும்போது ஒரு எக்டேருக்கு இரண்டு இடத்தில், ஒவ்வொன்றும் 16 முதல் 24 சதுர மீட்டர் அளவுக்கு, விதைக்காமல் விட்டுவிடுவார்கள். பயிர் அடர்ந்த பிறகும் வானம்பாடி இறங்கி இரை தேட அந்தத் திட்டுகள் உதவுகின்றன. நம் மானாவாரிக் காட்டில் பாறை தட்டிய இடமும் களர் திட்டும் தானாகவே அப்படி அமைந்திருக்கும். அந்த இடத்தை வம்படியாகச் சமன் செய்து விதைத்தாலும் விளைச்சல் வரப்போவதில்லை. அப்படியே விட்டுவிடுங்கள்.

மேய்ச்சல்: முழுதும் தடுக்காதீர்கள், முழுதும் மேய்க்காதீர்கள்

ஒரு நிலத்தைக் காக்க வேண்டும் என்றதும் வேலி போட்டு ஆடு மாடே நுழையாமல் செய்துவிடுகிற பழக்கம் இருக்கிறது. புல்வெளிக்கு அது சரிப்படாது. ஆட்காட்டிக்கும் சில வானம்பாடிகளுக்கும் மொட்டையாக மேய்ந்த தரை வேண்டும். காடைக்கும் கௌதாரிக்கும் ஒளிய உயரமான புல் வேண்டும். பூனைப்பருந்துக்கு ராத்தங்க இடுப்பளவு புல் இருந்தால் நல்லது. ஆகவே ஒரே காட்டில் குட்டையும் நெட்டையுமாகப் புல் இருக்க வேண்டும். அதைச் செய்ய மாட்டைவிட நல்ல கருவி வேறு கிடையாது.

கொரங்காட்டுக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. கிளுவை வேலியால் தடுத்து, ஒரு காடு மேய்ந்ததும் அடுத்த காட்டுக்கு மாற்றுவது அவர்கள் பரம்பரையாகச் செய்து வருவதுதான். காங்கேயம் மாடும் மேச்சேரி ஆடும் அந்த ஏற்பாட்டில் வளர்ந்தவை. அதோடு சேர்த்துக்கொள்ள வேண்டியது இரண்டு. ஒன்று, வேலியால் பிரித்த எந்தத் தடுப்பிலும் புல் ஒரு கை அகலம், அதாவது 10 செ.மீ. உயரத்துக்குக் கீழே போகும் முன் மந்தையை மாற்றிவிடுங்கள். கொழுக்கட்டைப்புல் மறுபடி துளிர்க்க அந்த அடிக்கட்டை வேண்டும். இரண்டு, ஆண்டுக்கு ஒரு தடுப்பை, ஐப்பசி மழையில் எழும்பிய புல் கதிர்விட்டு விதை கொட்டும் வரை, மேய்க்காமல் போட்டுவையுங்கள். அடுத்த ஆண்டு வேறு தடுப்பு. நான்கு தடுப்பு இருந்தால் நான்கு ஆண்டில் காடு முழுக்க ஒரு சுற்று விதை விழுந்துவிடும். பஞ்ச காலத்தில் கையிருப்புத் தீனியும் அதுவே.

மழை பொய்த்த ஆண்டில் இது நடக்காது. அப்படிப்பட்ட ஆண்டில் ஒரு விவசாயி விட்டுவைத்த தடுப்பிலும் தன் மாட்டை மேய்த்தால் அவரைக் குறை சொல்லாதீர்கள்.

மாடு செத்தால் அதைத் தின்னும் உயிர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். மாட்டு வலிக்குப் போடும் டைக்ளோஃபினாக் ஊசிதான் இந்தியாவில் பாறு கழுகுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 2006-ல் கால்நடைக்கு அது தடை செய்யப்பட்டது, 2023-ல் அசிக்ளோஃபினாக்கும் கீட்டோபுரோஃபெனும் தடை செய்யப்பட்டன. மோயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் பாறுகள் இரை தேடி வெகுதூரம் பறக்கும். கால்நடை மருத்துவரிடம் பாறுகளுக்குக் கேடு செய்யாத மெலாக்சிகாம் போடச் சொல்லிக் கேளுங்கள்.

வேலி, வரப்பு, கிணறு

கிளுவை வேலியைப் பிடுங்கிவிட்டுக் கம்பிவேலி போடுவது இப்போது வேகமாக நடக்கிறது. கிளுவை வேலி இடம் அடைக்கும், ஆண்டுக்கு ஆண்டு கட்ட வேண்டும், ஆள் கிடைப்பதில்லை. இந்தக் காரணங்கள் உண்மைதான். ஆனாலும் ஓணானும் பச்சோந்தியும் கீரியும் தவிட்டுக்குருவியும் அந்த வேலிக்குள்தான் குடியிருக்கின்றன. காட்டில் பூச்சி தின்கிற பாதிப் பேர் அங்கிருந்துதான் வருகிறார்கள். முழு வேலியையும் வைத்துக்கொள்ள முடியாவிட்டால் ஒரு பக்கமாவது விட்டுவையுங்கள். விட்டுப்போன இடங்களில் மழைக்கு முன் கிளுவைப் போத்து (வெட்டிய கிளை) நட்டுத் தொடுத்துக்கொள்ளலாம்.

கம்பிவேலிதான் என்றால் கீழ்க்கம்பி முள் இல்லாத வெறும் கம்பியாக, முழங்கால் உயரத்தில் இருக்கட்டும். மான் பெரும்பாலும் கீழே நுழைந்து போகப் பார்க்கும், முள் இருந்தால் முதுகைக் கிழித்துக்கொள்ளும். செம்மறி வளர்ப்பவர்களுக்கு இது ஒத்துவராது, ஆடு வெளியே போய்விடும். அவர்கள் வலை வேலி போட்டாலும் மூலைக்கு மூலை ஒரு சாண் உயரத் துளை விட்டால் முயலும் ஆமையும் கீரியும் கடந்து போகும்.

வேலியில் வீட்டு மின்சாரத்தையோ மோட்டார் மின்சாரத்தையோ நேராகப் பாய்ச்சவே கூடாது. அது குற்றம், பக்கத்துத் தோட்டத்து மனிதரையும் கொல்லும். மின்வேலிக்குத் தமிழ்நாட்டில் 2023-ல் தனி விதிகள் வந்துவிட்டன. அவற்றின்படி பதிவு செய்து, விட்டுவிட்டு அதிர்ச்சி தரும் வகையை மட்டுமே போட வேண்டும்.

தரைமட்டக் கிணறுகள் தனிக் கவலை. ராத்திரியில் நாய் துரத்த ஓடி வரும் மானும் நரியும் சுவர் இல்லாத கிணற்றில் விழுகின்றன. பள்ளி வரைந்த படத்தில் எத்தனை திறந்த கிணறு இருக்கிறது என்று எண்ணி, ஊராட்சிக்குக் கொடுங்கள். சுவர் கட்டும் வரை முள் அடைத்து வைக்கலாம். தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு சாய்வுப் பலகையோ கரடுமுரடான கல்லடுக்கோ வைத்தால் விழுந்த ஓணானும் குருவியும் ஏறி வந்துவிடும்.

பூச்சிமருந்தும் பறவையும்

1995-96-ல் அர்ஜென்டினாவில் சூரியகாந்தி, குதிரைமசால் வயல்களில் வெட்டுக்கிளிக்கு மோனோகுரோட்டோபாஸ் அடித்தார்கள். அந்த வெட்டுக்கிளிகளைத் தின்ன வட அமெரிக்காவில் இருந்து வந்திருந்த பருந்துகள் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தன. நம் ஊர்ப் பூனைப்பருந்தும் தூரதேசத்தில் இருந்து வந்து வெட்டுக்கிளியைத்தான் தின்கிறது. நம் பூச்சியைத் தின்ன வந்த பறவையை நாமே கொன்றுவிட்டு, அடுத்த முறை இன்னொரு மருந்து தேடுவது எவ்வளவு பெரிய நஷ்டம்!

மருந்தே வேண்டாம் என்று மக்காச்சோளக்காரரிடம் சொல்ல முடியாது. 2018-ல் படைப்புழு வந்த பிறகு அவர்கள் பட்ட பாடு தெரியும். முதலில் செய்யக்கூடியது, பயிரைவிட இரண்டடி உயரமாக டி வடிவில் குச்சி நட்டுப் பறவைத் தாங்கி வைப்பது. கரிச்சானும் பனங்காடையும் பகலில் உட்காரும், ராத்திரியில் ஆந்தை உட்கார்ந்து எலி பிடிக்கும். பயிர் கதிர் விட்டதும் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் கிளியும் வந்து உட்காரும். மருந்து நேர்த்தி செய்த விதை தரையில் சிந்தினால் உடனே மண்ணைத் தள்ளி மூடுங்கள். கௌதாரியும் மயிலும் பொறுக்குவது அதைத்தான். வரப்பிலிருந்து நாலு முழம் உள்ளே தள்ளி மருந்தடித்தால், வரப்புப் புல்லில் இருக்கிற சிலந்தியும் பொறிவண்டும் பிழைத்து மீண்டும் வயலுக்குள் வரும். எலிக்கு விஷம் வைத்தால் செத்த எலிகளைப் பொறுக்கிப் புதைத்துவிடுங்கள்.

பள்ளியின் கணக்கேடு

பிள்ளைகள் இரண்டு மூன்று பேராகப் போகக் கூடாது. ஆசிரியர் ஒருவர், ஊரில் நிலம் தெரிந்த பெரியவர் ஒருவர், பத்துப் பன்னிரண்டு மாணவர்கள். நிலத்துக்காரரிடம் முன்பே கேட்டிருக்க வேண்டும். காலில் மூடிய செருப்பு அல்லது ஷூ கட்டாயம். சுருட்டை விரியனும் கண்ணாடி விரியனும் இருக்கும் நிலம் இது. காலை ஆறரைக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடித்துவிடுங்கள்.

ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பாதையை முடிவு செய்யுங்கள். கொரங்காடு, மானாவாரி, வேலியோரம் மூன்றையும் அது தொட வேண்டும். மாதம் ஒரு முறை, அதே நேரத்தில், அதே பாதையில், அதே வேகத்தில் நடந்து, இரு பக்கமும் ஐம்பது மீட்டருக்குள் கண்ட பறவையையும் விலங்கையும் எழுத வேண்டும். பாதையை மாற்றினால் போன மாதத்தோடு ஒப்பிட முடியாது. தேதி, நேரம், மேகமா வெயிலா, என்ன பார்த்தோம், எத்தனை, எந்த மாதிரி இடத்தில், புல் எவ்வளவு உயரம். இந்த ஏழு கட்டம் போதும். பெயர் தெரியாததை "தெரியவில்லை" என்று எழுதி, பக்கத்தில் படம் வரையுங்கள். தெரிந்த மாதிரி எழுதுவது கணக்கைக் கெடுத்துவிடும்.

ராத்திரி உலவும் உயிர்களுக்கு வேறு வழி. ஒற்றையடிப் பாதையில் ஆறடிக்கு நைசான மண்ணைப் பரப்பி மாலையில் சமன் செய்துவிட்டு, காலையில் தடம் பாருங்கள். முயல், நரி, கீரி, நாய் என்று தடம் பிரிக்கத் தெரிந்த பெரியவர் எல்லா ஊரிலும் ஒருவராவது இருப்பார். வெளிமான் கிடா ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கை போடும் என்பதால், அந்தக் குவியல்களைப் படத்தில் குறித்தாலே எந்தப் பகுதியை அது தன்னுடையதாக வைத்திருக்கிறது என்று தெரியும்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் மூங்கில் சட்டத்தைப் புல் மேல் வைத்து, உள்ளே எத்தனை வகைப் புல், எவ்வளவு வெற்றுத் தரை என்று பாருங்கள். மேய்ந்த தடுப்பில் ஐந்து இடம், விட்டுவைத்த தடுப்பில் ஐந்து இடம். சராசரியும் விழுக்காடும் வரைபடமும் கணக்கு வகுப்புக்குள் தானாக வந்துவிடும்.

பொங்கலை ஒட்டி ஆண்டுதோறும் தமிழ்நாட்டில் பறவை ஆர்வலர்கள் நடத்தும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் பள்ளியும் சேரலாம். பட்டியலைப் பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்டு இணையதளத்தில் ஏற்றினால் ஊர்க் கணக்கு நாட்டுக் கணக்கோடு சேரும். ஆனால் கூடு இருக்கும் இடம், நரி வளை, பூனைப்பருந்து தங்கும் வெளி, நட்சத்திர ஆமை கண்ட இடம் இவற்றின் துல்லியமான இருப்பிடத்தையும் படத்தையும் வாட்ஸ்அப்பிலோ வேறெங்கோ போடவே கூடாது. ஆமையைப் பிடித்து விற்பவர்களும் வலை போடுபவர்களும் அதைத்தான் தேடுகிறார்கள். முட்டையைத் தொடுவது, குஞ்சைத் தூக்குவது, கூட்டுக்கு அருகில் நின்று படம் எடுப்பது எதுவும் வேண்டாம்.

கணக்கேடு பள்ளியின் சொத்தாக இருக்க வேண்டும். ஆர்வமுள்ள ஆசிரியர் மாறுதலாகிப் போனதும் ஏடும் அவரோடு போய்விட்டால் வேலை அத்தோடு நின்றுவிடும். ஆண்டு முடிவில் ஒரு நகல் எடுத்து ஊராட்சி அலுவலகத்தில் வையுங்கள். கண்டதை ஒரே பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிப் பால் சங்கத்தில் ஒட்டுங்கள். தன் காட்டில் நாலு ஆட்காட்டிக் குஞ்சு பிழைத்தது என்று பாலூற்ற வந்த இடத்தில் படிக்கிற விவசாயி, அடுத்த சித்திரையில் தானே குச்சி நடுவார்.

இனி புல் நடுவது. கார்த்திகை, மார்கழியில் கொழுக்கட்டைப்புல் கதிர் முற்றும். கையால் உருவினால் விதை வரும். பறித்த உடனே விதைத்தால் சரியாக முளைக்காது. துணிப்பையில் கட்டி உலர்ந்த இடத்தில் அடுத்த மழைக்காலம் வரை வைத்திருங்கள். எக்டேருக்கு 6 முதல் 8 கிலோ வேண்டும். விதை பஞ்சு போலக் காற்றில் பறக்கும் என்பதால் ஈர மண்ணோடும் மட்கிய சாணத்தோடும் பிசறித் தூவ வேண்டும். சீமைக்கருவேலம் பிடுங்கிய இடம்தான் இதற்கு முதல் இடம்.

நாயும் பயிர்ச்சேதமும்

வெளிமானுக்கும் செம்மறிக்கும் பொது எதிரி இப்போது தெருநாய்க் கூட்டம். காங்கேயம், வெள்ளக்கோவில் பக்கம் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதால் விவசாயிகள் சாலையில் இறங்கிப் போராட வேண்டி வந்தது. விவசாயிக்கும் காட்டுயிருக்கும் நலன் ஒன்றாக நிற்கும் இடம் இது. நாய்கள் பெருகுவது ஊர் எல்லையில் கொட்டும் கோழிக்கழிவாலும் இறைச்சிக் கழிவாலும்தான். எங்கே கொட்டுகிறார்கள் என்று மாணவர்கள் படத்தில் குறிக்கட்டும். ஊராட்சி முதலில் அதை நிறுத்தட்டும், கருத்தடை அடுத்தது. நாய்க்கு விஷம் வைத்தால் அதைத் தின்னும் நரியும் கழுகும்தான் சேர்ந்து சாகும்.

மானும் மயிலும் பன்றியும் பயிரைத் தின்பது உண்மை. அந்த நஷ்டத்தை விவசாயி மட்டும் தாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. சேதமானதும் அன்றே படம் எடுத்து, வனச்சரக அலுவலகத்துக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். இழப்பீட்டு மனு எழுத மேல்வகுப்பு மாணவர்கள் உதவலாம். பள்ளிக் கணக்கேட்டில் அந்த மாதம் மான் பதிவாகியிருந்தால் அதையும் இணைக்கலாம். வெளிமான் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற விலங்கு. சேதத்துக்குப் பழியாகக் கண்ணி வைத்தால் சிறைதான்.

காகிதத்தில் ஏற்றுங்கள்

2002 பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டை எழுதி வைத்திருக்க வேண்டும். பல இடங்களில் அந்தப் பதிவேடு ஒப்புக்கு எழுதியதாகவே கிடக்கிறது. உங்கள் புல் ஏட்டையும் கணக்கேட்டையும் அதில் சேர்க்கச் சொல்லி மனுக் கொடுங்கள். இதனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு அரிட்டாபட்டியைச் சொல்லலாம். மதுரை மாவட்டத்து அந்த ஊர் 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. பின்னர் அந்தப் பகுதி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டபோது மக்கள் கிராம சபைகளில் தீர்மானம் போட்டு எதிர்த்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. அந்த இடம் பாரம்பரியத் தலம் என்பதும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். மே 1 கூட்டம் கோடை உழவுக்கும் ஆடிப்பட்டத்துக்கும் இடையில் வருவதால் நாட்காட்டியை வைக்க அதுவே நல்ல நாள். தீர்மானம் சுருக்கமாக இருக்கட்டும். மேய்ச்சல் புறம்போக்கின் சர்வே எண்கள், அங்கே மரக்கன்று நடுவதோ வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதோ கிராம சபையைக் கேட்காமல் கூடாது என்ற வரி, கழிவு கொட்டத் தடை, மூட வேண்டிய கிணறுகளின் பட்டியல், பள்ளிக் கணக்கேட்டை ஆண்டுக்கு ஒரு முறை சபையில் படிப்பது. பட்டா நிலத்தைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம். அது அந்தந்த விவசாயி தானாக வந்து சேர வேண்டியது. தீர்மானப் புத்தகத்தில் ஏறியதும் நகல் கேட்டு வாங்கி, பள்ளிக் கணக்கேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.